நீலக் கிரீஸ்

அந்தப் பழைய பிரேக் கலிப்பர் ஒரு வருடமாக எங்கள் அலுமாரியின் மேல்தட்டில், கிழிந்த சாரத்துண்டில் சுற்றியபடி கிடந்தது. மோட்டார் சைக்கிளின் முன் சில்லைப் பிடித்து நிறுத்துகிற, உள்ளங்கையளவு உலோகக் கட்டி அது. என் மனைவியின் வலது மணிக்கட்டை முறித்ததும் அதுதான். நான் செய்த பிழை என் கண் முன்னாலேயே இருக்கட்டும் என்று எறியாமல் வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவனுக்கு இப்படியொரு புத்தி.

அதைக் கழற்றிப் பூட்டியது நானும் என் கூட்டாளியும். அவன் கற்பிட்டியில் படகு இன்ஜின் திருத்துகிறவன். கடற்காற்றில் கலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டன் துருப்பிடித்து, பிரேக் சரியாகப் பிடிக்காமல் இருந்தது. “கராஜுக்குக் குடுங்களேன்” என்றாள் மனைவி. எனக்கா கராஜ்? ஃபோனில் நாலு வீடியோ பார்த்து முடித்திருந்தேன். குறிஞ்சிப்பிட்டியில் எங்கள் முற்றத்தில் பாய் விரித்து, பிஸ்டனை வெளியே எடுத்து, அரத்தாளை நனைத்துத் தேய்த்துத் துருவைப் போக்கினோம். புது ரப்பர் வளையங்களை நானே பொருத்தினேன். அதற்குள் அஸர் பாங்கு கேட்டது. “நீ தொழுதிட்டு வா மச்சான், நான் மூடி வைக்கிறன்” என்றான். நான் திரும்பி வந்தபோது பிஸ்டன் உள்ளே போயிருந்தது. பிறகு மனைவி பிரேக்கை அமத்திப் பிடிக்க, நாங்கள் பிரேக் எண்ணெய்க் குழாயிலிருந்து காற்றை எடுத்தோம். மூன்று பேரும் சிரித்துச் சிரித்துச் செய்த வேலை அது.

எட்டாம் நாள் கனமூலையில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் புறப்பட்டோம். தலவிலை தேவாலயத் திருநாள் காலம், வழியெல்லாம் சனம். பிரேக்கை அமத்துவதும் விடுவதுமாகவே போனேன். “சில்லு இழுக்குது, நிப்பாட்டிப் பாருங்க” என்றாள் பின்னாலிருந்து. “உனக்கென்ன தெரியும்?” என்றேன். கொஞ்சத் தூரம் போவதற்குள் முன் சில்லு அப்படியே இறுகி நின்றுவிட்டது. விழுந்ததில் எனக்கு முழங்காலில் சிராய்ப்பு மட்டுந்தான்.

கூட்டாளி ஒரு நாளும் தவறாமல் ஆஸ்பத்திரிக்கு வந்தான். “நீ போட்ட ரப்பர் முறுகியிருக்கும் மச்சான். பழகாத கைதானே, மனச விடாத” என்றான். தானே வேறொரு கலிப்பரைக் கொண்டுவந்து பூட்டித் தந்தான். “பழசைத் தா, கடல்ல வீசிட்டுப் போறன்” என்றும் கேட்டான். என்ன பாசம் என்று நான் உருகிப்போனேன். மனைவியிடம் எத்தனை தடவை மன்னிப்புக் கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அவள் கை நேரானாலும் பழைய பலம் வரவில்லை. தேங்காய் திருவுவதும் தண்ணீர் அள்ளுவதும் என் வேலைகளாயின. அவள் மறுபடி என் பின்னால் ஏறவேயில்லை. என்னை நம்பி ஒரு நாள் ஏறுவாளா என்பதுதான் அந்த வருடம் முழுவதும் என் கவலை.

போன விடுமுறையில், எந்த இடத்தில் பிழை விட்டேன் என்று பார்ப்பதற்காக அந்தக் கலிப்பரைத் திறந்தேன். நான் போட்ட வளையம் முறுகவில்லை. ஊதிப் பெருத்திருந்தது. அதைச் சுற்றி நீல நிறக் கிரீஸ். உப்புத் தண்ணீர் புகாமல் படகு இன்ஜினுக்குப் பூசுகிற கிரீஸ் அது. கடல் வேலைக்காரன் அதைப் பூசாமல் எதையும் மூடமாட்டான். பிரேக் ரப்பருக்கு அது ஆகாது, ரப்பர் வீங்கிப் பிஸ்டனை இறுக்கிவிடும். என் வீட்டில் அந்தக் கிரீஸ் ஒருநாளும் இருந்ததில்லை.

நேரே கூட்டாளியிடம் போய்க் காட்டினேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். “ஓம் மச்சான், நான்தான் பூசினன். கைப்பழக்கம். விழுந்த பிறகுதான் விளங்கிச்சு. சொல்லத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தனான். நீயே உன்ட பிழை எண்டு அழுதாய். எனக்கு லேசாப் போச்சு.” இருபது வருடப் பழக்கம். அவனை அடிக்கக்கூட எனக்குக் கை வரவில்லை.

ஆனாலும் வீட்டுக்கு ஏறக்குறைய ஓடித்தான் வந்தேன். என்மேல் பிழை இல்லை என்று அவளிடம் சொல்லலாமல்லவா! மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

“எனக்குத் தெரியும்” என்றாள். “ஆஸ்பத்திரில ரெண்டாம் நாளே, நீங்க தேத்தண்ணி வாங்கப் போன நேரம், உங்கட கூட்டாளி வந்து அழுது சொல்லிட்டார்.”

“பிறகு ஏன் ஒரு வருஷமா என்னட்டச் சொல்லேல்ல?”

சுளகைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

“அதுக்குப் பிறகுதானே நான் சொல்றதை நீங்க காது குடுத்துக் கேட்டீங்க. அது எனக்குப் பிடிச்சிருந்திச்சு.”

கூட்டாளியோடு கதைப்பதை அன்றோடு விட்டுவிட்டேன். கற்பிட்டிக்குப் போகாமல் இருந்தால் போதும், அது பெரிய காரியமில்லை. இவளோடு நான் ஒரே வீட்டில் இருக்கிறேன்.