வெள்ளிக்கிழமை சொட்டாத தண்ணீர்

எண்பதுகளில் நான் ஈப்போவில் ஏர்கோன் சர்வீஸ் செய்கிற ஆளாக இருந்தேன். தோட்டத்து ஆட்கள் இதைக் குளுகுளு வேலை என்று சொல்லிச் சிரிப்பார்கள். குளிர் கீழே நிற்கிறவர்களுக்குத்தான். பெரிய கடைகளில் பொருத்துகிற மெஷின் சீலிங்குக்கு மேலே ஒளிந்திருக்கும். அங்கிருந்து தகரக் குழாய்கள் வழியாகக் காற்று கடைக்குள் இறங்கும். அதைக் கழுவப் போகிறவன் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் இரண்டு முழ இடத்தில், மரச்சட்டத்தில் வயிற்றை வைத்து ஊர்ந்து போக வேண்டும். மதிய வெயிலில் ஓடு முதுகைச் சுடும். குழாயைச் சுற்றியிருக்கும் கண்ணாடிப் பஞ்சு கழுத்தில் பட்டால் இரண்டு நாளைக்கு அரிக்கும். இரண்டு சீலிங் ஏறி இறங்கினால் சாயங்காலம் சோற்றைப் பிசையக் கை வராது. அந்த வருஷங்களை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது அந்த அசதிதான்.

எங்கள் கடை முதலாளி ஒரு சீனர். தவுக்கே என்று கூப்பிடுவோம். எங்களோடு மலாயில் பேசுவார். புது மெஷின் பொருத்தும்போது தண்ணீர்ப் பைப் போடுவது என் கூட்டாளியின் வேலை. அதற்குப் பிறகு வருகிற சர்வீஸ் எல்லாம் என்னுடையது. இரண்டு பேரும் சுங்கை சிப்புட் பக்கம் ஒரே ரப்பர் தோட்டம், ஒரே லயத்து வரிசை வீடுகள். நான் கல்யாணம் ஆனதும் ஈப்போவுக்கு வாடகை வீடு பார்த்து வந்துவிட்டேன். அவன் லயத்திலேயே இருந்துகொண்டு மோட்டார் சைக்கிளில் வந்து போனான். தோட்டத்தில் ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட ஆரம்பித்திருந்தார்கள். ஆட்களைக் குறைத்ததில் அவன் அப்பாவுக்கும் வேலை போயிற்று. அவன் மனைவிக்கு இரண்டாவது பிள்ளை வயிற்றில். ஒருவன் வேலையை நம்பி அந்த வீடு ஓடியது.

நாங்கள் பொருத்திய மெஷின்களில் ஒன்று ஒரு புடவைக் கடையில் இருந்தது. கடைக்காரர் தமிழ் முஸ்லிம், நானா என்று கூப்பிடுவோம். நல்ல மனிதர், ஆனால் புடவை விஷயத்தில் பயங்கரக் கறார். கடை திறந்திருக்கும்போது யாரும் சீலிங்கைத் தொடக் கூடாது, தூசு பட்டின் மேல் விழும் என்பார். அதனால் எங்களுக்கு வெள்ளிக்கிழமை ஜும்மா நேரம்தான் கிடைத்தது. தொழுகைக்குக் கடையைச் சாத்துகிறபோது மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, எங்களை உள்ளே வைத்துக் கதவை இழுத்துவிட்டுப் போவார். கரண்ட் இருக்கும் கடையில் ஆட்களை விட்டுப் போக அவருக்குப் பயம். திரும்பி வந்து அவரே சுவிட்சை ஏற்றினால்தான் உண்டு. அதுவரை டார்ச் வெளிச்சத்தில் வேலை செய்ய வேண்டும்.

முதல் சர்வீஸுக்கு நான் தனியாகப் போனேன். மெஷினில் சேரும் ஈரம் ஒரு தட்டில் வடிந்து, பைப் வழியாகப் பின்பக்கச் சாக்கடைக்குப் போகும். தட்டைத் தாண்டியதும் அந்தப் பைப்பில் கூட்டாளி ஒரு வளைவு போட்டிருந்தான். கைகழுவும் தொட்டிக்குக் கீழே இருக்குமே, அந்த மாதிரி. அது நிறைய வழவழவென்று பாசி. இந்த வளைவு இருந்தால் மூன்று மாசத்துக்கு ஒரு தடவை நான் இங்கே வந்து பாசி எடுத்துக்கொண்டே சாக வேண்டியதுதான் என்று தோன்றியது. ரம்பத்தை எடுத்து வளைவை அறுத்தேன். நேர்ப் பைப்பை ஒட்டினேன். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினேன், ஜோராக ஓடியது. தவுக்கேயிடமோ கூட்டாளியிடமோ சொல்லத் தோன்றவில்லை. உள்ளுக்குள் ஒரு கெட்டிக்காரத்தனம் வேறு.

அடுத்த நாளே கடையில் சீலிங்கிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. நாலு மணி வாக்கில் சொட்டும். ஈப்போவில் மழையும் அந்த நேரத்துக்குத்தான் வரும், அதனால் முதலில் கூரையைச் சந்தேகப்பட்டார்கள். கடைக்காரர் ஆள் வைத்து ஓடு மாற்றினார். மழை இல்லாத நாளிலும் சொட்டியது. எங்களைக் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை போனேன். தட்டில் தண்ணீர் தேங்கவில்லை. வாளியில் ஊற்றினேன், ஒரு துளி நிற்காமல் ஓடியது. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். சனிக்கிழமை மறுபடியும் சொட்டியது. அடுத்த வெள்ளியும் அதே கதை. அந்த மெஷின் நான் போகிற நாளில் மட்டும் ஒழுங்காக இருந்து என்னை முட்டாளாக்குகிறது என்று எரிச்சலாக வந்தது.

கடைக்காரர் தவுக்கேயை போனில் கூப்பிட்டுக் கத்தியிருக்கிறார். தவுக்கே என்னிடம், என்னதான் கோளாறு என்று கேட்டார். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான் அன்றைக்கு இரண்டு சீலிங் ஏறி இறங்கியிருந்தேன், உடம்பெல்லாம் அரித்தது, பேச்சு முடிந்தால் போதும் என்றிருந்தது. "பைப் சாய்வு சரியில்லை போலிருக்கிறது" என்று சொல்லிவிட்டேன்.

பைப் என்றால் கூட்டாளி. அவனைக் கூப்பிட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை சரி செய், அதற்குப் பிறகும் சொட்டினால் நீ வர வேண்டாம் என்று தவுக்கே சொன்னார். அவன் என்னைப் பார்த்தான். நான் டூல் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் மேலே ஊர்ந்தோம். அவன் பைப் ஓரமாக டார்ச்சை அடித்துக்கொண்டே வந்து, தட்டுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தினான். வேர்வை அவன் மூக்கு நுனியிலிருந்து பைப் மேல் சொட்டியது.

"சாய்வு நல்லாத்தான இருக்கு மச்சான்?" என்றான்.

"இன்னும் கொஞ்சம் தூக்கிக் கட்டுலா. கெடந்துட்டுப் போவுது" என்றேன்.

தூக்கிக் கட்டினான். வாளியில் தண்ணீர் ஊற்றினான். ஓடியது. மறுபடியும் ஒரு வாளி. அதுவும் ஓடியது. கடைக்காரர் தொழுகை முடிந்து வந்ததும், "இனிமே சொட்டாது நானா" என்று சொல்லிவிட்டு இறங்கினான். மறுநாள் சனிக்கிழமை, நாலு மணிக்குச் சொட்டியது. திங்கட்கிழமை அவன் வேலைக்கு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை கடைக்காரரே என்னைப் போனில் கூப்பிட்டார். அழாத குறைதான். "தம்பி, கல்யாணப் பட்டு மேல சொட்டிருச்சு. வெள்ளிக்கெழமையும் வேணாம், ஒண்ணும் வேணாம். இப்பவே வாங்க" என்றார். போனேன். கடையில் கூட்டம், மெஷின் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. முதல் தடவையாக அது ஓடும்போது மேலே ஏறினேன். தட்டு நிறையத் தண்ணீர் நின்றது. அடைப்பு என்று நினைத்துக் கீழே இறங்கி, பின்பக்கச் சாக்கடையில் பைப் முனைக்குப் போய் விரலை வைத்தேன். பைப் என் விரலை உள்ளே இழுத்தது.

அப்போதுதான் புரிந்தது. காற்றாடி சுற்றும்போது பைப் வழியாகவும் வெளிக்காற்றை உறிஞ்சுகிறது. அந்தக் காற்று எதிரே வந்து தண்ணீரை இறங்கவிடாமல் தடுக்கிறது. காலையிலிருந்து தேங்கித் தேங்கி நாலு மணிக்குத் தட்டு வழிகிறது, வெள்ளிக்கிழமை மட்டும் மத்தியானம் சுவிட்சை இறக்குவதால் வடிந்துவிடுகிறது. வளைவு இருந்தபோது அதில் தேங்கிய தண்ணீரே மூடியாக நின்று காற்றை விடவில்லை. மறுபடியும் மேலே ஏறி, அங்கிருந்தே மெஷினை நிறுத்தச் சொன்னேன். நிறுத்திய நிமிஷமே தட்டிலிருந்த தண்ணீர் மடமடவென்று போய்விட்டது. நாங்கள் எல்லா வெள்ளிக்கிழமையும் நிறுத்திய மெஷினில் தண்ணீர் ஊற்றிச் சந்தோஷப்பட்டிருக்கிறோம். எங்கள் லாரியிலிருந்து வளைவு ஒன்றை எடுத்து வந்து பழைய இடத்தில் ஒட்டினேன். கால் மணி நேர வேலை. அந்தக் கடையில் அதற்குப் பிறகு சொட்டவே இல்லை.

தவுக்கேயிடம் போய், "பைப்பில் வளைவு இல்லை, போட்டுவிட்டேன்" என்றேன். "அவன் போடாமல் விட்டுவிட்டானா?" என்று கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டார். இல்லை, நான்தான் அறுத்தேன் என்று சொல்ல அதைவிட வசதியான இடம் கிடைக்காது. என் வாய் திறக்கவில்லை. அன்றைக்கு நான் ஒரு சீலிங்தான் ஏறியிருந்தேன், அசதி என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. பயந்தேன், அவ்வளவுதான்.

இரண்டு வாரம் தூக்கம் சரியில்லை. ஞாயிற்றுக்கிழமை சுங்கை சிப்புட்டுக்குப் போனேன். அவன் லயத்து வாசலில் மோட்டார் சைக்கிள் செயினைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து, "வாங்கண்ணே" என்று மைலோ கொடுத்துவிட்டு உள்ளே போனாள். டம்ளரைத் திண்ணையில் வைத்தேன்.

"வளைவ நாந்தான் அறுத்தேன்" என்றேன்.

"தெரியும் மச்சான்."

"எப்படி?"

"டார்ச் அடிச்சப்பவே புது ஒட்டுத் தெரிஞ்சிச்சு. என் கைவேலை எனக்குத் தெரியாதா? அந்த வளைவு எதுக்குன்னுலாம் தெரியாது. டிராயிங்ல இருந்துச்சு, போட்டேன். நீ எடுத்துட்டேன்னு மட்டும் தெரிஞ்சிச்சு."

"அப்ப தவுக்கேகிட்ட ஏன் சொல்லல?"

செயினில் எண்ணெய் விட்டுக்கொண்டே சொன்னான். "நீ சொல்லுவேன்னு இருந்தேன்."

நாளைக்கே சொல்கிறேன், திரும்ப வா என்று கெஞ்சினேன். "வேணாம்லா. கமுந்திங் பேக்டரில எடுத்துக்கிட்டாங்க, புதன்கெழம சேரணும். ரொம்பத் தூரந்தான்" என்றான். கோபப்பட்டிருந்தால் தேவலாம். செயினை மாட்ட நான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டேன். மாட்டி முடிந்ததும் எனக்கு அங்கே வேலை இல்லை.

திங்கட்கிழமை காலை, கடை திறந்ததும், ஒருவரும் கேட்காமலேயே தவுக்கேயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்துவார், போகச் சொல்வார் என்று நின்றேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, முந்தின நாள் நான் கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்டார்.

"அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?"

கூட்டாளியிடம் அதற்கு ஒரு பதில் இருந்தது. டூல் பெட்டியை எடுத்துக்கொண்டு அன்றைய சீலிங்குக்குக் கிளம்பினேன்.