கடல் நடுவே ஒரு ‘என்னங்க’

டூர் கூட்டிப் போகிற வேலை என்றால் பத்துப் பேருக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அது, கூட்டிப் போன பத்துப் பேரையும் குறையாமல் திருப்பிக் கொண்டுவருவது. சொந்தக்காரர்களை வேனில் ஏற்றிக்கொண்டு ஒரே ஒரு தடவை திருச்செந்தூர் போய் வந்தவர்களுக்குக்கூட இது புரியும். வேன் கிளம்புகிற நேரத்தில் ஒருவர் டீ குடிக்கப் போயிருப்பார். அவரைத் தேடிப் போனவர் வடைக்குச் சட்னி கேட்டுக்கொண்டிருப்பார்.

நான் பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு டிராவல்ஸ் நடத்துகிறேன். காசி, கயா என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பு. நம் ஆட்களுக்குக் கப்பல் ஆசை வந்தது. கொச்சியில் ஏறி, லட்சத்தீவுப் பக்கம் சுற்றி, மும்பையில் இறங்குகிற சொகுசுக் கப்பல். நடுக்கடலில் செல்போன் எடுக்காது. கப்பலில் வைஃபை உண்டு. அதன் விலையைக் கேட்டதும், “கடலைப் பாக்கத்தானே போறோம், போனை எதுக்குப் பாக்கணும்” என்று எல்லோரும் ஞானியாகிவிட்டார்கள். அதனால் கப்பல்காரர்களிடம் அனுமதி வாங்கி, ஆளுக்கொரு வாக்கி டாக்கி கொடுத்தேன். ஒருவர் தொலைந்தால் எல்லோருமாகத் தேடலாம் என்று அத்தனை செட்டையும் ஒரே சேனலில் வைத்தேன். ஒருவர் பேசினால் எல்லோருக்கும் கேட்கும். அப்போது அது நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது.

குழுவில் எனக்குக் கவலையாக இருந்தது ஒரே ஒருவரைப் பற்றித்தான். விக்கிரமசிங்கபுரத்துக்காரர், நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்களுக்கு அவர் மில் அண்ணாச்சி. கூட அவர் மனைவி பேச்சியம்மாள் அக்கா. மஸ்கட்டில் இருக்கும் மகன் டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனில் என்னிடம் சொன்னது இதுதான்: “அப்பாவுக்குச் சுகர் மேடம். அம்மா ஊசி போட்டா அரை மணிக்குள்ள அவுக சாப்பிட்டுறணும். இல்லன்னா மயங்கிருவாவ. கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கிடுங்க.”

ஆற்றங்கரை ஒத்திகை

கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் தாமிரபரணிக்கு வரச் சொன்னேன். பாதிப் பேர் இந்தக் கரை, பாதிப் பேர் அந்தக் கரை. பட்டனை அமுக்கினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். பாடம் அவ்வளவுதான். மேலப்பாளையம் காதர் பாய் வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் வேலை பார்த்தவர். செட்டை வாங்கிய கையோடு அழகாகப் பேசி, கடைசியில் “ஓவர்” என்று முடித்தார். நான் நிம்மதியானேன்.

அடுத்து வள்ளியூர் அண்ணாச்சி. வாழைக்காய் மண்டி வைத்திருப்பவர். மண்டியில் பேசிப் பேசிப் பழகிய தொண்டை. செட்டை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டார்; பட்டனைத் தொடவில்லை. “ஏ, அங்கன கேக்குதா?” என்று ஒரு சத்தம். அக்கரையில் குளித்துக்கொண்டிருந்த, எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர், தலையில் சோப்பு நுரையோடு “கேக்குது அண்ணாச்சி, என்ன விஷயம்?” என்றார். அண்ணாச்சி திருப்தியாக என்னைப் பார்த்தார்.

“நல்லாத்தான் கேக்குது. ஆனா இதுக்கு எதுக்கும்மா மிஷினு?”

ஆறு விரல்

கொச்சியில் கப்பல் ஏறுகிற இடத்தில் ஒவ்வொருவரிடமும் விவரம் சரிபார்த்தார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி கொஞ்சம் தமிழ் பேசுவார். பேச்சியம்மாள் அக்காவிடம் வீட்டுக்காரர் பேர் என்ன என்று கேட்டார். அக்கா திரும்பி வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் பத்தடி தள்ளி, பெட்டியின் சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா ஒரு கையில் ஐந்து விரலும் மறு கையில் ஒரு விரலுமாக ஆறு காட்டினார். பிறகு தன் முகத்தைத் தொட்டுக் காட்டினார். அதிகாரிக்கு விளங்கவில்லை. அக்கா பொறுமையாக மறுபடி ஆறு விரல், மறுபடி முகம். பின்னால் நின்ற எங்கள் குழு முழுவதற்கும் உடனே விளங்கிவிட்டது, ஆறுமுகம். கல்யாணம் ஆன நாளிலிருந்து அக்கா அந்தப் பேரைச் சொன்னதில்லையாம். கோயிலில் முருகனைக்கூட வேறு பேர்களில்தான் கும்பிடுவாராம். அதிகாரி விரல்களையும் கம்ப்யூட்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஆறு பேரா? டிக்கெட்டில ரெண்டு பேர்தானே இருக்கு?”

இட்லியும் சாவியும்

முதல் நாள் காலையில் செட்டில் ஒரு பெண் குரல் வந்தது. “என்னங்க, ஒம்பதாம் மாடியில இட்லி இருக்கு, வாங்க.” வாக்கி டாக்கியில் எல்லோருடைய குரலும் சளி பிடித்த ஒரே குரலாகத்தான் வரும். குழுவில் இருந்த எந்தப் பெண்ணும் வீட்டுக்காரரை வேறு விதமாகக் கூப்பிடுகிறவர் இல்லை. “வாரேன்” என்று ஒரே நேரத்தில் பல ஆண் குரல்கள். கொஞ்ச நேரத்தில் எங்கள் குழுவின் கணவர்கள் அனைவரும் ஒன்பதாம் மாடியில் தட்டோடு வரிசையில் நின்றார்கள். கூப்பிட்ட ஒருவரைத் தவிர மற்ற மனைவிமார் எட்டாம் மாடியில் அவரவர் கணவரைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் மறுபடி ஒரு “என்னங்க”. பெட்டிச் சாவியைக் கொண்டுவரச் சொன்னது. மில் அண்ணாச்சி நல்ல மனுஷன், லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியேறிப் போய்த் தன் ரூம் கதவைத் தட்டியிருக்கிறார். அங்கே அக்கா இல்லை. அடுத்த கதவிலிருந்து தலைக்குக் குளித்த ஈரத்தோடு எட்டிப் பார்த்தது வள்ளியூர் அண்ணாச்சியின் சம்சாரம். கூப்பிட்டதும் அவர்தான். மில் அண்ணாச்சி சாவியோடு இறங்கி வந்து, சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோர் முன்னிலையிலும் அறிவித்தார்.

“இனிமே இந்த மிஷின்ல எவ ‘என்னங்க’ன்னாலும் நான் போறதா இல்ல.”

கூட்டம்

நான் கூட்டம் போட்டேன். கணவரைப் பேர் சொல்லிக் கூப்பிடலாமே என்றதும், அசிங்கமாக ஏதோ சொல்லிவிட்டதைப் போலப் பெண்கள் என்னைப் பார்த்தார்கள். சரி, பிள்ளையின் பேரைச் சொல்லி ‘இன்னார் அப்பா’ என்று கூப்பிடலாம் என்றேன். சோதித்துப் பார்த்தோம். “எசக்கி அப்பா” என்றதும் மூன்று பேர் எழுந்தார்கள். ரூம் நம்பரைச் சொல்லலாம் என்றேன். பாளையங்கோட்டையிலிருந்து மகளோடு வந்திருந்த தாணம்மாள் டீச்சர், “நாங்க என்ன ஜெயில்லயா இருக்கோம்?” என்று கேட்டார். டீச்சரோடு கணவர் வரவில்லை; இருந்தாலும் கொள்கை முக்கியம்.

கடைசியில் காதர் பாய் நல்ல வழி ஒன்று சொன்னார். ஊர்ப் பேரை வைத்துக் கூப்பிடலாம். மேலப்பாளையம் பாய், வள்ளியூர் அண்ணாச்சி, இப்படி. எல்லோரும் தலையாட்டினார்கள். கூட்டம் முடிந்தது என்று நான் எழுந்திருக்கப் போனேன். வள்ளியூர் அண்ணாச்சியின் சம்சாரம் கையைத் தூக்கினார்.

“கட்டுனவுகளை நான் எப்படிம்மா அண்ணாச்சின்னு கூப்பிடுவேன்?”

பின்பக்கத்துப் பை

மறுநாள் மத்தியானம் செட் யாருக்கும் வேலை செய்யவில்லை. ஒருவர் பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தால் மற்றவர்கள் பேச முடியாது, அவர் பேசுவதைக் கேட்க மட்டும்தான் முடியும். வள்ளியூர் அண்ணாச்சி செட்டைப் பேண்ட்டின் பின்பக்கத்துப் பையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பட்டன் அமுங்கிவிட்டது. அவர் சம்சாரத்தோடு பேசுவது மொத்தக் குழுவுக்கும் வந்தது.

“டீச்சர் மக நம்ம பயலுக்குப் பொருத்தமா இருப்பா. லட்சணமான பிள்ளை. அம்மாக்காரிக்குத்தான் வாய் கொஞ்சம் ஜாஸ்தி.” “படிச்சவ அப்படித்தான் இருப்பா. பைய ஜாதகத்தைக் கேளுங்க.” நான் அவர்களைத் தேடி ஓடினேன். வழியில் பார்த்த எங்கள் ஆட்கள் ஒருவர்கூட எனக்கு உதவவில்லை. எல்லோரும் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு காதோடு செட்டை ஒட்டியிருந்தார்கள். நான் போய்ச் சேரும் முன்பே அண்ணாச்சி டீ எடுக்க எழுந்துவிட்டார். பட்டன் விடுபட்டது. அடுத்த நொடி டீச்சரின் குரல் வந்தது, வகுப்பில் பேசுகிற அதே நிதானம்.

“வாய் ஜாஸ்திதான் அண்ணாச்சி. ஜாதகம் ஊருக்குப் போய்த் தாரேன். இனிமே செட்டு மேல உக்காராதீய.”

நாற்காலியில் துண்டு

மில் அண்ணாச்சிக்கு ஒரு பழக்கம். அம்பாசமுத்திரம் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்தே வளர்ந்தவர். கப்பலின் சாப்பாட்டுக் கூடத்தில் ஆயிரம் பேர் உட்காரலாம். ஆனாலும் ஒவ்வொரு வேளையும் முன்னால் போய் இரண்டு நாற்காலியில் துண்டு போட்டுவிடுவார். கடைசி நாள் மத்தியானமும் அக்கா ரூமில் ஊசி போட்டதும், “நீ பைய வா, நான் போயி இடம் பிடிக்கேன்” என்று கிளம்பியிருக்கிறார். அக்கா வந்து பார்த்தபோது துண்டு இருந்தது. ஆள் இல்லை.

அக்கா செட்டை எடுத்து “என்னங்க” என்றார். “நான் இங்கனதான் இருக்கேன்” என்று வேறு யாரோ ஒரு கணவர் சொன்னார். மறுபடி “என்னங்க”. பதில் இல்லை. சாவி விவகாரத்துக்குப் பிறகு மில் அண்ணாச்சி அந்த வார்த்தைக்கு அசைவதில்லை என்பது எனக்கு ஞாபகம் வந்தது. நான் என் செட்டில் “மில் அண்ணாச்சி, மில் அண்ணாச்சி” என்று கத்தினேன். காலையிலிருந்து ராத்திரி வரை அறிவிப்புச் சொல்லிச் சொல்லி, என் குரல் அவர்களுக்குப் பஸ் ஸ்டாண்ட் ஒலிபெருக்கி ஆகிவிட்டிருந்தது. அதை யார் காதில் வாங்குகிறார்கள்? கப்பல் ஊழியர்களிடம் சொன்னேன், அவர்களும் தேடக் கிளம்பினார்கள். காதர் பாய் மேல்தளத்துக்கு ஓடினார். வள்ளியூர் அண்ணாச்சி கீழே ஓடினார். ஊசி போட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அக்காவிடம் கேட்கவே எனக்குப் பயமாக இருந்தது. அவர் மகன் போனில் சொன்னது காதிலேயே நின்றது. எல்லா மாடியும் ஒரே மாதிரி, எல்லா நடைபாதையும் ஒரே மாதிரி, எல்லாக் கதவும் ஒரே மாதிரி இருந்தது.

“அக்கா, பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க” என்றேன். அக்கா என்னைப் பார்த்து ஆறு விரல் காட்டினார். “எனக்குத் தெரியும்க்கா. இதுல விரல் தெரியாது. சொல்லணும்.” அக்கா செட்டை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார். பட்டனை அமுக்கினார். விட்டார். மறுபடி அமுக்கினார். குழு முழுவதும் அவரவர் நின்ற இடத்தில் மூச்சைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, நேர்த்திக்கடன் செலுத்துகிற மாதிரி அக்கா சொன்னார்: “ஆறுமுகம்… ஆறுமுகம்… எங்க இருக்கிய? வாங்க.”

மொட்டைப் பேரும் மரியாதையும் சேர்ந்து வரும்படி உலகத்தில் அவரை வேறு யார் கூப்பிடப் போகிறார்கள்? செட் கரகரத்தது. தூக்கத்தில் பேசுகிற மாதிரி, ஆனால் பதறிப்போய், மில் அண்ணாச்சியின் குரல் வந்தது.

“ஏட்டி பேச்சி, உனக்கு என்ன செய்யுது?”

செட்டைத் திருப்பித் தந்தபோது

துண்டைப் போட்டுவிட்டு, அக்கா வருகிற வரைக்கும் கடலைப் பார்க்கலாம் என்று லிஃப்டில் ஏறி, தப்பான மாடியில் இறங்கி, வழி தெரியாமல், தலை சுற்றி உட்கார்ந்திருக்கிறார். “பின்னால வெள்ளையா நுரை போகுது, அங்கன இருக்கேன்” என்று செட்டில் அவர் சொன்ன அடையாளத்தை வைத்துக் காதர் பாய்தான் முதலில் போய்ச் சேர்ந்தார். பாயின் சட்டைப் பையில் எப்போதும் பேரீச்சம்பழம் இருக்கும். நாங்கள் மூச்சு வாங்கப் போனபோது அண்ணாச்சி மூன்றாவது பழத்தை மென்றுகொண்டிருந்தார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, நாற்காலியிலிருந்து எடுத்துவந்த துண்டால் அவர் நெற்றியைத் துடைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. டூர் மேனேஜர் அழக் கூடாது என்பதால் கடலைப் பார்த்து நின்றுகொண்டேன்.

திருநெல்வேலி ஜங்ஷனில் ரயிலை விட்டு இறங்கியதும் செட்டுகளைத் திருப்பி வாங்கினேன். பேச்சியம்மாள் அக்கா தன் செட்டைக் கொடுத்துவிட்டு நகராமல் நின்றார். பிறகு என் காதுக்குக் கிட்டே வந்து, “அன்னைக்கு நான் சொன்னது இதுக்குள்ள இருக்குமாம்மா? இருந்தா அழிச்சிருங்க” என்றார். அது எதையும் பதிவு செய்யாது, பேசினதோடு சரி என்றேன். அக்காவின் முகம் தெளிந்தது. ஆட்டோவில் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்த மில் அண்ணாச்சி திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

“மிஷின்ல இல்லாட்டா என்ன, நான் கேட்டாச்சுல்லா.”

அந்தச் செட்டு தண்ணீர்மேல் வெகுதூரம் எடுக்கும் என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கிறது. எங்கள் ஊர்ப் பெண்ணுக்குப் புருஷன் பேர் நெஞ்சிலிருந்து நாக்குக்கு வருகிற தூரத்தை அந்தக் கம்பெனிக்காரன் இன்னும் அளந்து பார்க்கவில்லை.