வாய்க்கால் கரையில் ஒரு பந்தய வீராங்கனை

சைக்கிள் பழக வேண்டும் என்று என் மனைவி கேட்டபோதெல்லாம், "இந்த வயசுல எதுக்கு? விழுந்தா யார் பாக்குறது?" என்று சிரித்தவன் நான்.

போன தை மாதம் கச்சேரி கேட்கத் திருவையாறு வந்த நெதர்லாந்துப் பெண் ஒருவர் எங்கள் வீட்டு மாடியில் தங்கினார். வட்டத் தளத்தில் நடக்கும் சைக்கிள் பந்தயங்களில் நாட்டுக்காகப் பதக்கம் வாங்கியவர். ஒரு பந்தயத்தில் விழுந்து தோளெலும்பு முறிந்ததோடு எல்லாம் முடிந்ததாம்.

"இவ்வளவு ஆன பிறகும் சைக்கிள் ஓட்டுறாங்களான்னு கேளுங்க" என்றாள் மனைவி. கேட்டேன். அவர் உடனே என் சைக்கிளை வாய்க்கால் கரைக்கு உருட்டிப்போனார். மனைவியை ஏற்றி, சீட்டைப் பிடித்தபடி கூடவே ஓடினார். அவள் மூன்று முறை விழுந்தாள். மூன்று முறையும் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவர் ஊருக்குப் புறப்பட்ட மறுநாள், "நீங்க பிடிக்கிறீங்களா?" என்று மனைவி தயங்கிக் கேட்டாள். மூச்சு வாங்க ஓடினேன். இருபது வருடமாக நான் தட்டிக்கழித்தது இவ்வளவு சின்ன ஆசையைத்தானா என்று வெட்கமாக இருந்தது.