ஒரு பக்கத்துக் கோடுகள்

எந்தத் தலைவலியை எண்ணெய் தேய்த்து ஆற்றலாம், எதற்குப் பயப்பட வேண்டும்? தம்பி போய் ஆறு வருஷமாகியும் எனக்கு விடை தெரியவில்லை. அவனுக்குக் காலையில் கண் விழித்ததுமே தலை வலிக்கும், வாந்தி வரும். பிறகு வலது கை சொன்னபடி கேட்கவில்லை. உழும்போது கலப்பையின் மேழி கையிலிருந்து நழுவியது. எல்லாம் சூடு என்று அம்மா விளக்கெண்ணெய் வைத்தாள். உத்திரமேரூர் டாக்டர்தான் மூளையின் அலைகளைப் பதிவு செய்து பார்க்கச் சென்னைக்கு எழுதிக் கொடுத்தார்.

பஸ் ஏறும் காலையிலும் அம்மா அவன் உச்சி நனைய எண்ணெய் வைத்தே அனுப்பினாள். ஒயர் நுனியின் வில்லைகள் தலையில் ஒட்டவில்லை. இயந்திரம் பார்ப்பவர் துடைத்துத் துடைத்துச் சலித்துக்கொண்டார். “மனசுல கீறதெல்லாம் இதுல வந்துடுமா சார்? அப்போ அக்காவ வெளிய அனுப்பிடுங்க” என்றான் தம்பி. அவரும் சிரித்துவிட்டார். இயந்திரத்தின் பேனாக்கள் காகிதத்தில் கோடு போட்டு ஓடத் தொடங்கின.

இடப்பக்கத்துக் கோடுகள் மட்டும் மந்தமாக, பெரிது பெரிதாக எழும்பியிருந்தன. வலது கையை இயக்குவது மூளையின் அந்தப் பக்கம்தான், அங்கே கட்டி இருக்கலாம் என்றார் பெரிய டாக்டர். எண்ணெயால் தப்பாக விழுந்திருக்குமோ என்று கேட்டேன்.

“எண்ணெய் தலை பூராவும்தானேம்மா வெச்சீங்க? கோடு ஒரு பக்கம்தான் மாறியிருக்கு.”

சீயக்காய் தேய்த்துக் குளிப்பாட்டி மறுபடி எடுத்தார்கள், மாறவில்லை. கழுத்தில் மருந்து ஏற்றி எடுத்த எக்ஸ்ரேயும் அதே இடத்தைக் காட்டியது. கட்டி ஆழத்தில் இருக்கிறது, கத்தி வைக்க முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். இடத்தைச் சொல்ல முடிந்தது, அவ்வளவுதான்.

வீட்டில், இடது கையால் சாப்பிடக் கூசி என்னை ஊட்டச் சொன்னான். என் மடியில் கைக்குழந்தையாக மகள் இருந்தாள். “மொதல்ல அதுக்கு ஊட்டுக்கா, என்னப் பாத்து சிரிக்குது” என்பான். சம்பா அறுப்புக்கு முன்பே போய்விட்டான்.

இப்போது அந்த மகள் காலையில் எழுந்ததும் தலையைப் பிடித்துக்கொள்கிறாள். வாந்தி இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் பயந்து நடிக்கிறாள் என்கிறார் கணவர். வேண்டுமானால் அலைப் பதிவு எடுக்கலாம் என்கிறார் டாக்டர். கோடுகள் சரியாக வந்தால் நம்புவேனா? வராவிட்டால் என்ன செய்வேன்? குழந்தைக்கு இந்தப் பதிவை எடுத்துப் பார்த்த தாய்மார்கள் எனக்கு எழுதுங்கள். எடுக்க வேண்டாமென்று விட்டவர்களும் எழுதுங்கள்.