ஓட்டை விழாத டாங்கியைச் சந்தேகித்த தாமோதரன்

போன செவ்வாய்க்கிழமை ஆவடி ராணுவ டிப்போ வாசலில் தாமோதரனின் மைத்துனர் சைக்கிளோடு நின்றிருந்தார். "மச்சான் பூட்டாருபா. ஜொரந்தான். பாரிவாக்கத்து ஊட்ல வச்சிகீறோம்" என்றார். நான் நம்பவில்லை. "சொல்றவன் வாய பாக்காத, பொருள பாரு" என்பார் தாமோதரன். போய், இறந்து கிடந்த அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

போர்க்காலத்தில் நாங்கள் இருவரும் டாங்கிகளின் கவசத் தகடுகளைப் பரிசோதிக்கும் வேலையில் இருந்தோம். பர்மா முனையில் அடிபட்ட டாங்கி ஒன்று ரயிலில் வந்தது, டிப்போவில் எங்களோடு வேலை பார்த்த உங்களில் பலருக்கு நினைவிருக்கும். குண்டு பட்ட இடத்தில் சிறு பள்ளம்தான், ஓட்டை இல்லை. பெயிண்ட் அடித்து அனுப்பச் சொன்னார் அதிகாரி. தாமோதரன் டார்ச்சோடு உள்ளே இறங்கினார்.

"ஓட்ட இல்லன்னா உள்ள ஏன்யா இம்மாம் ரத்தம் கீது? குண்டு வரல. தகடே உள்பக்கம் பேத்துகினு பாஞ்சிகீது."

தகடு இளக்கமாக இருந்தால் குண்டு துளைத்துவிடும். கெட்டியாக இருந்தால் குண்டின் முனை நொறுங்கும். ஆனால் முழுக்கவே கெட்டியாகிவிட்டால், அடிபட்ட அதிர்ச்சியில் உள்முகம் சில்லுச் சில்லாகத் தெறித்து ஆளைக் கொல்லும். முகம் கெட்டியாகவும் முதுகு இளக்கமாகவும் இருப்பதே நல்ல கவசம்.

அதே வகைத் தகடு போட்ட மற்ற டாங்கிகளையும் அனுப்பக் கூடாது என்று அவர் பிடிவாதமாக நின்றார். சண்டைக்குப் போகிற வண்டியை ஒருவன் மறித்தால், அவன் யாருடைய ஆள்? ஜப்பான்காரனுக்கு உளவு சொல்கிறான் என்று யாரோ வத்தி வைத்தார்கள். போலீஸ் அவரைக் கூட்டிப் போனது. அதன்பின் டிப்போவில் ஒருவர் முகத்தை ஒருவர் ஓரக்கண்ணால்தான் பார்த்தோம்.

காவலில் அவர் கேட்டது ஒன்றுதான்: "ஒரு தகட்ட நிக்க வச்சி சுட்டுப் பாருங்க சார். பின்னால பலக வைங்க." சுட்டார்கள். தகடு தாங்கியது, பலகை முழுக்க இரும்புச் சில்லுகள் குத்தி நின்றன. டாங்கிகளை அனுப்புவதை நிறுத்தினார்கள், அவரை விட்டார்கள்.

நேரே முத்தாபுதுப்பேட்டையில் என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"நீயா சொன்னே?"

"இல்ல அண்ணாத்தே."

என் கண்ணை நேராகப் பார்த்தார். "செரி, நம்பறேன். சோறு கீதா?" என்று கேட்டுக்கொண்டே பாயில் அமர்ந்தார்.

சொன்னவன் யாரென்று இன்றுவரை தெரியாது. இதை வாசிக்கும் உங்களில் ஒருவராகவும் இருக்கலாம். நாமெல்லாம் முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்தோம். அவர் மட்டும் சந்தேகப்பட்டவனின் வாசலுக்கே வந்து கேட்டார். பதிலை நம்பி, அவன் வீட்டிலேயே சாப்பிட்டார். அந்தத் துணிவை அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.