மேசையில் வைத்த இலைமுடி

கொரோனா நேரத்து ஒலிம்பிக்கை மகள் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தாள். வென்ற பெண்ணுக்குப் பதக்கத்தைத் தட்டில் வைத்து நீட்டினார்கள். அவளே எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆளையாள் தொடக்கூடாதாம் அம்மா, அதுதான்," என்றாள் மகள்.

எனக்கு ஐந்தாம் வகுப்பு விளையாட்டுப் போட்டி நினைவுக்கு வந்தது. ஆதிகாலத்து ஒலிம்பிக்கில் வென்றவர் தலையில் இலைமுடிதான் சூட்டுவார்களாம் என்று சொல்லி, தலைமை வாத்தியார் பூவரசம் இலையில் முடிகள் கட்டிவைத்திருந்தார். வென்ற பிள்ளைகளுக்கெல்லாம் எங்கள் ஊரின் பெரிய வயல்காரரான போடியார் தன் கையாலேயே சூட்டினார். ஓட்டத்தில் முதலாவதாக வந்த என் முறை வந்ததும் முடியை மேசையில் வைத்தார்.

"எடுத்துப் போடு புள்ள."

நாங்கள் ஊருக்குத் துணி வெளுக்கிற குடும்பம். அந்த மேசையில் விரித்திருந்த வெள்ளையும் அப்பா வெளுத்ததுதான்.

நான் அசையவில்லை. வாத்தியார் குனிந்து பெயர்ப்பட்டியலைப் பார்த்தார். வேலிக்கு வெளியே நின்ற அப்பா சிரித்துக்கொண்டே கத்தினார்.

"எடு மகள், போடியார் எவ்வளவு நேரம் நிக்கிற? அவள் வெக்கப்படுறாள் ஐயா, கோவிக்காதீங்க!"

எடுத்துப் போட்டுக்கொண்டேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

போடியார் செத்து எத்தனையோ வருடம். அவரை நான் நினைப்பதேயில்லை. அப்பாவின் அந்தச் சிரிப்பைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை.