சுரங்கப் பங்கும் கம்பத்துத் தங்கையும்

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஐப்பசி மழையில் நடந்தது இது. எனக்குத் தேனியை ஒட்டிய பழனிசெட்டிபட்டியில் சின்னதாக ஓர் எலக்ட்ரிக்கல் கடை. மலைக்கு மேலே, கேரளப் பக்கம், அப்பா விட்டுப்போன கொஞ்சம் ஏலத்தோட்டமும் உண்டு. ஒரே தங்கையைக் கம்பத்தில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை வீட்டில் திராட்சைத் தோட்டம்.

ஏலக்காய்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. விலை இறங்கினால் விற்க மாட்டோம். காயை மூட்டை கட்டி வீட்டுக்குள் அடுக்கிவிட்டு, ஏறட்டும் என்று உட்கார்ந்துவிடுவோம். பல தடவை ஏறியும் இருக்கிறது. அந்தத் தைரியத்தில்தான் செல்போனில் பங்கு வாங்கும் கூத்திலும் இறங்கினேன். வடக்கே எங்கோ சுரங்கம் தோண்டும் ஒரு சின்னக் கம்பெனி. பூமிக்குள் தாது கொட்டிக் கிடக்கிறது, இப்போதே வாங்குங்கள் என்று ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் ஓதினார்கள். வாங்கினேன், ஏறியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. சும்மா இருந்திருக்கலாம் அல்லவா? கம்பத்துக்குப் போய் மாப்பிள்ளையிடம் பீற்றிக்கொண்டேன்.

"நமக்கு இதெல்லாம் ஒத்து வருமா மச்சான்?" என்று இழுத்தார் அவர்.

"மண்ணுக்குள்ள கெடக்குறது எங்க மாப்ள ஓடிப்போகப் போகுது? நான் சொல்றேன், போடுங்க."

மகளை அடுத்த வருடம் நர்சிங் சேர்க்க வைத்திருந்த பணத்தைப் போட்டுவிட்டார். அவருக்கு செல்போனில் பேச மட்டும்தான் தெரியும். பங்கு வாங்கும் வேலையையெல்லாம் என் தங்கையே பார்த்தாள்.

கொஞ்ச நாளில் இறங்க ஆரம்பித்தது. இறங்கினால் என்ன, ஏலக்காய் இறங்கவில்லையா? இன்னும் கொஞ்சம் வாங்கிப் போட்டேன். பிறகு ஒரு கட்டத்தில் தினமும் 'லோயர் சர்க்யூட்'. அப்படியென்றால் விற்க ஊரே வரிசையில் நிற்கும், வாங்க ஓர் ஆள் இருக்காது. காலையில் கடை ஷட்டரைத் தூக்கியதும் போனைத்தான் பார்ப்பேன். வாடிக்கையாளர் ஃபேன் ரெகுலேட்டர் கேட்டால் காலிங்பெல்லை எடுத்து நீட்டுவேன்.

ஒரு நாள் காலையில் மாப்பிள்ளையிடமிருந்து போன். "மச்சான், இன்னைக்கி வாங்குறதுக்கு ஆளுக வந்திருக்காகளாம். குடுத்துருவமா?"

நானும் பார்த்தேன். சிவப்பாகவே கிடந்தது பச்சையாகியிருந்தது. ஆகா, திரும்பிவிட்டது என்று துள்ளினேன். "கெட்டுது போங்க! இப்பத்தான ஏறுது. பேசாம வச்சிருங்க மாப்ள."

"சரி மச்சான்" என்று வைத்துவிட்டார்.

மதியத்துக்குள் பழையபடி சிவப்பு. அப்புறம் வாங்க ஆளே வரவில்லை. கடைசியில் அந்தப் பங்கை வாங்குவதையும் விற்பதையுமே நிறுத்திவிட்டார்கள். என் பணம் போனது ஒரு பக்கம். அந்தப் பிள்ளையின் படிப்புப் பணம் என் வாய்க்கொழுப்பால் போனதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. மாப்பிள்ளை நம்பர் போனில் ஒளிர்ந்தாலே அதைக் கவிழ்த்து வைப்பேன். அடிக்கும் வரை அடிக்கட்டும் என்று விட்டுவிடுவேன். அல்லிநகரத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. தங்கை குடும்பமும் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும், மொய்க்கவரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே பாதி வழியில் வண்டியைத் திருப்பிவிட்டேன்.

"ஏன் இப்பிடி இருப்புக் கொள்ளாம அலையிறீக? என்னன்னு சொல்லித் தொலைங்க" என்றாள் என் மனைவி. சொன்னேன். அவள் திட்டுவாள் என்று பார்த்தால், உள்ளறையில் அடுக்கியிருந்த ஏலக்காய் மூட்டைகளைப் பார்த்தாள். எனக்கும் புரிந்தது.

விலை ஏறட்டும் என்று கோடையிலிருந்து பிடித்து வைத்திருந்த காய். பச்சை நிறம் போய் வெளுத்துவிட்டது. வியாபாரி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு சொன்ன விலைக்கே கொடுத்தேன். என் வாழ்நாளில் விலை இறங்கிய நாளில் நான் விற்றது அதுதான் முதல் தடவை.

பணத்தை மஞ்சள் பையில் சுற்றிக்கொண்டு கம்பம் பஸ் ஏறினேன். உட்கார முடியவில்லை. என்ன சொல்லி ஆரம்பிப்பது? சின்னமனூரில் இறங்கி, வேண்டாத டீயைக் குடித்து, திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்து, கடைசியில் அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

வீட்டில் தங்கை மட்டும் இருந்தாள். அவள் முகத்தைப் பார்க்காமலேயே பையை நீட்டினேன். "ஆத்தா, இத பாப்பா படிப்புக்கு வச்சுக்க. மிச்சத்தையும் எப்பிடியாச்சும் குடுத்துர்றேன்."

அவள் பையைப் பிரித்துப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. "என்னண்ணே இது? நாங்கதான் அன்னைக்கே வித்துட்டமே!"

"என்னைக்கி?" என்றேன்.

"வாங்குறதுக்கு ஆளு வந்துச்சே, அன்னைக்கித்தான். மச்சான் வச்சிருக்கச் சொல்றாகன்னு அவுக சொன்னாக. நான்தான் கேக்கல. திராட்ச வீட்டுல வாக்கப்பட்டவ நான். யாவாரி வந்து நிக்கிற அன்னைக்கி வெட்டி விடலைன்னா கொடியிலயே அழுகிப்போகும். உன்னையும் எனக்குத் தெரியாதா? ஏலக்கா வெளுக்குற முட்டும் வச்சிருந்து விக்கிற ஆளுதான நீயி! கொஞ்சம் நட்டந்தான்ணே. பாப்பாவுக்கு உள்ளது பேங்க்ல கெடக்கு."

வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது, அழுதேன். வெட்கமெல்லாம் பார்க்கவில்லை. ஆனால் மனித மனது இருக்கிறதே! கண்ணீர் காய்வதற்குள் கோபம் வந்துவிட்டது. "அப்ப எனக்கு ஏன் சொல்லல? நானும் தப்பிச்சிருப்பேன்ல?" என்று கத்தினேன்.

"சொல்லியிருந்தா வித்திருப்பியாக்கும்?" என்றாள். பிறகு அவளே தணிந்த குரலில் சொன்னாள்: "ஒம் பேச்ச மீறிட்டேனேன்னு எனக்குப் பயம். அவுகதான், நான் பக்குவமாச் சொல்லிக்கிறேன்னு உனக்கு அடிச்சு அடிச்சுப் பாத்தாக. நீ எடுத்தாத்தான?"

நான் பயந்து பயந்து எடுக்காமல் விட்ட அத்தனை போனும் அதற்குத்தான்!

மாப்பிள்ளை தோட்டத்திலிருந்து நனைந்துகொண்டே வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "வெல எறங்கிக் கெடக்கையில ஏலக்காய வித்தீகளா? நீங்களா? மழ ஏன் விடாமப் பெய்யுதுன்னு இப்பத்தான் மச்சான் தெரியுது!" என்றார். தங்கைக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. எனக்கும்தான். திரும்பி வரும்போது பையில் பணம் அப்படியே இருந்தது. கூட ஒரு பெட்டித் திராட்சையும் ஏற்றிவிட்டார்கள்.

அந்தச் சுரங்கப் பங்கு இன்னும் என் கணக்கில் உயிரில்லாமல் கிடக்கிறது. என் தங்கை இந்தப் பத்திரிகையில் இந்தப் பக்கத்தை வாராவாரம் தவறாமல் படிப்பவள். அதனால் நேரில் சொல்ல வாய் வராததை இங்கே சொல்லிவிடுகிறேன்: ஆத்தா, என் பேச்சை நீ கேட்காத அந்த ஒரு காலையால்தான், இன்றும் நான் உன் வீட்டு வாசலில் தலை நிமிர்ந்து நுழைகிறேன்.